இரண்டு கோட் நெயில் பாலிஷ்

கோளாறு எங்கே என்று நேற்று காலை கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஒரு வரி போதும், மீதி உனக்குப் புரிந்திருக்கும். இதைப் படிக்கும்போதே உன் காது மடல் சிவந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே பொய் பிடிபட்டால் உனக்கு முதலில் காதுதான் சிவக்கும், முகமெல்லாம் அப்புறம். நலம், நலமறிய ஆவல் என்று எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன். விஷயமே அதுதான். ஐந்து மாதமாக நலமாகத்தான் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் இரண்டு அழுமூஞ்சிப் பொம்மையைப் போட்டு "சாரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் நம் ரேடியோ கிளப்பின் இதழுக்கும் இதே கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அடையாறில் ஒரு ஹோட்டல் மாடியில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, கேசரி கொடுத்து, வழியனுப்பு விழா நடத்தியவர்கள் அவர்கள். ஏன் வழியனுப்பினார்கள், ஏன் நான் இன்னும் போகாமல் மயிலாப்பூரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்கிறேன். உட்கார்ந்து படி. நடந்துகொண்டே செல்போனைத் தள்ளிக்கொண்டு படிக்காதே.

முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். ஒரு லைனில் கரகர சத்தம் கேட்டால், கோளாறு எக்ஸ்சேஞ்சிலா, தெருவிலா, வீட்டுக்குள்ளேயா என்று காதை வைத்தே சொல்லியிருக்கிறேன். அந்த வேலை போதாதென்று ஹாம் ரேடியோ வேறு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, தானே பூட்டிய பெட்டியில் ஊரெல்லாம் பேசுகிற பைத்தியங்களில் ஒருத்தி. காலை ஏழரை மணிக்கு நாங்கள் முப்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதற்கு நெட் என்று பேர். பதினோரு வருடமாக அந்த நெட்டில் ஒவ்வொருவரின் கால் சைனையும், அதாவது லைசென்ஸோடு கிடைக்கிற அடையாளப் பெயரையும், கூப்பிட்டு ஆஜர் எடுத்தது நான்தான். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. பால்காரர் பையைத் தொங்கவிட்டுப் போய்விடுகிறார். ஒரு நாளில் என்னைக் கூப்பிடும் குரல் என்று இருந்தது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய்.

கார்த்திகைப் புயலில் மாடிக் கம்பி அறுந்து விழுந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பழைய பெட்டியும் கருகிப்போயிற்று. புதிதாக வாங்கச் சொன்னாய், நான் கிட் வாங்கினேன். ஒரு பெரிய போர்டு, அதன் மேல் செருகுகிற ஒரு குட்டி போர்டு, நாலு பொட்டலத்தில் எறும்பு சைஸ் பாகங்கள். பெரிய போர்டு கேட்கிற வேலையையும் சிக்னல் உண்டாக்குகிற வேலையையும் செய்யும். குட்டி போர்டு அந்தச் சிக்னலைப் பெரிதாக்கி வெளியே அனுப்பும். இரண்டையும் இணைப்பது ஆறு பித்தளை ஊசிகள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தேன். நீ பொங்கலுக்கு வந்தபோது கடைசிப் பொட்டலத்தில் இருந்தேன்.

காணும் பொங்கலன்று சாயங்காலம் வேலை முடிந்தது. ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு டார்ச் பல்பை மாட்டி, பேசும்போது பிடித்துக்கொள்கிற கட்டையை அழுத்தினேன்; சிக்னல் வெளியே போனால் பல்பு எரியும். பல்பு எரிந்தது. நீ பக்கத்தில்தான் நின்றாய். "சூப்பர்மா" என்றாய். நாளைக்குக் காலையில் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறிக் கம்பியைக் கட்டிவிடுகிறேன் என்றேன். உன் முகம் போன போக்கை நான் பார்க்காமல் இல்லை. அதற்கு முந்தின வருடம் அதே ஏணியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான். உடைந்ததை உனக்கு மூன்று நாள் சொல்லவில்லை. மாவுக்கட்டோடு வீடியோவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். "மாடிக்கு ஏறாதம்மா, ப்ளீஸ்" என்று அந்தக் காணும் பொங்கல் சாயங்காலம் நீ கேட்டாய். "கனடாவுலேர்ந்து வந்து என்னை மேய்க்காதடா" என்று நான் சொன்னேன். அதுவும் கொஞ்சம் அதிகம்தான். சண்டை போட்டிருக்கலாம் நீ. கத்தியிருக்கலாம். ஏணியைத் தூக்கி மாடவீதியில் யாருக்காவது தானம் கொடுத்திருக்கலாம். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருப்போம், அப்புறம் சரியாகியிருக்கும்.

நீ செய்தது வேறு. மறுநாள் காலையில் நான் கீரை வாங்கப் போய்விட்டு வந்து பெட்டியைப் போட்டேன். பல்பு எரியவில்லை. கேட்கிற பக்கம் எல்லாம் ஜோராகக் கேட்டது, அனுப்புகிற பக்கம் செத்துக் கிடந்தது. நீ கையில் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். கேட்டாயே. ஐந்து மாதமாக அந்தக் கேள்வி என் காதில் பாசமாகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அது வேறு மாதிரி ஒலிக்கிறது. மூன்றாம் நாள் நீ விமானம் ஏறினாய். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப ஸ்ட்ரெயின் பண்ணிக்காத" என்று வேறு சொன்னாய்.

நான் என்னென்ன செய்தேன் என்று தெரிந்துகொள். தெரிந்துகொள்ள வேண்டும் நீ. எல்லா சால்டரையும் பூதக்கண்ணாடியில் பார்த்துத் திரும்ப வைத்தேன், நூற்று நாற்பதுக்கு மேல். கம்பிச் சுருளை மூன்று தடவை பிரித்துச் சுற்றினேன். செம்புக் கம்பியின் மேலிருக்கும் எனாமலைச் சுரண்டாமல் விட்டுவிட்டேனோ என்று சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டிக் கம்பியை மெலிய வைத்தேன். குட்டி போர்டைக் கழற்றி மேஜை மேல் வைத்து, அடியில் ஒயர்களை மாட்டிப் பார்த்தால் பல்பு எரியும். திரும்பச் செருகினால் எரியாது. எரியாது என்றால் முழுக்க எரியாமலும் இல்லை, மீட்டர் முள் லேசாக ஒரு நடுக்கம் காட்டும். கெட்டுப்போன டிரான்சிஸ்டர்தான் இப்படிக் காட்டும் என்று டிரான்சிஸ்டரை மாற்றினேன். செருகுகிற சாக்கெட்டை மாற்றினேன். ஊசிகளை மட்டும் மாற்றவில்லை. அவை பளபளவென்று இருந்தன, மீட்டரின் முனையை வைத்தால் ஒவ்வொன்றும் 'பீப்' என்று சமர்த்தாகப் பதில் சொன்னது. செருகிய பிறகு அடியில் மீட்டரை நுழைக்க இடம் கிடையாது. இதெல்லாம் உனக்கும் தெரியும், நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

டிரான்சிஸ்டர் வாங்க மூன்று தடவை ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்றாவது தடவை கடைக்காரரிடம், டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டுகிறாயா என்று சத்தம் போட்டேன். அவர், "இன்னாமா நீங்க, இது இன்னா கத்திரிக்காயா, சொத்தைனு மாத்திக் குடுக்கறதுக்கு? மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான கீது? வூட்ல யாரனா சின்னப் பசங்க இருந்தா குட்து பாக்கச் சொல்லுங்க" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நேற்று மத்தியானம் முதல் வேலையாக நேரில் போய் மன்னிப்பு கேட்டுவிட்டு வந்தேன். நீ கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அது.

அந்த மனுஷன் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் நன்றாக இருக்கிற பாகம் என்னிடம் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது? கண்தான் என்று முடிவு செய்தேன். இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்ன வலது கண் புரையை வற்புறுத்தி ஆபரேஷன் செய்துகொண்டேன். நாற்பது நாள் தலை குளிக்காமல், அடுப்புப் பக்கம் போகாமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். கண் தெளிந்தது, பெட்டி தெளியவில்லை. அப்படியானால் மூளைதான் என்று அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். உனக்குச் சொல்லவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்றார், கழுதைப்புலி வரைக்கும் சொன்னேன். "வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கீங்கம்மா" என்றார். நான் நம்பவில்லை. பெட்டி பொய் சொல்லாது, டாக்டர்தான் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கேஸை மூடினேனா என்று மந்தைவெளி வரைக்கும் போய்விட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மூடித்தான் இருந்தது. அதற்கு மறுவாரமும் திரும்பி வந்தேன். அப்போதும் மூடித்தான் இருந்தது. நீ கோளாறு வைத்தது பெட்டியில் மட்டும் இல்லையடா.

இத்தனைக்கும் நடுவில் கேட்கிற பக்கம் வேலை செய்துகொண்டிருந்ததே, அது இன்னொரு கொடுமை. பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியில் ஒயரை மாட்டிக்கொண்டு தினமும் ஏழரைக்கு நெட்டைக் கேட்பேன். ஆஜர் எடுக்கிற வேலையைக் கபீர் பாய் எடுத்துக்கொண்டார். கிளப் ஆட்களுக்கு அவரைத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: திருவல்லிக்கேணியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவர், என்னைவிட நாலு வயது இளையவர், இருபது வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். நெட்டில் ஒரு கால் சைனைக் கூப்பிட்டால் பத்து விநாடி காத்திருப்போம், பதில் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போவோம். கபீர் பாய் தினமும் என் கால் சைனைக் கூப்பிட்டுப் பத்து விநாடி காத்திருந்தார். நான் இந்தப் பக்கம் கட்டையை அழுத்திக்கொண்டு, "ஆஜர், ஆஜர்" என்று பேசிக்கொண்டிருப்பேன். யாருக்கும் கேட்காது. மாசி கடைசியில் அவர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. நான்தான் போனில், இனிமேல் என் பேரை விட்டுவிடுங்கள் பாய் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நன்றாக அழுதேன்.

அவரிடம் பெட்டியைக் காட்டியிருக்கலாம். இரண்டு தடவை கேட்டார். "குடுத்து அனுப்புக்கா, ஒரு நாள்ல பாத்துர்றேன்" என்றார். ஆனால் ஒருத்தர் கட்டுகிற கிட்டில் இன்னொருத்தர் கை வைத்து முடிப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். வழக்கம் என்றும் சொல்லலாம், என் திமிர் என்றும் சொல்லலாம். கொடுத்திருந்தால் பங்குனிக்கு முன்னாலேயே நீ மாட்டியிருப்பாய்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் போனில் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. மறதி என்று பயந்தேன் பார், இதெல்லாம் மட்டும் மறப்பதில்லை. "எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா. கை மறந்துபோச்சு. போட்டதைப் போட்டேனா இல்லையான்னே தெரியல. பயமா இருக்கு" என்றேன். என் வாழ்நாளில் உன்னிடம் பயமாக இருக்கிறது என்று அதற்கு முன் சொன்னதில்லை, உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ சொல்லியிருக்கலாம். 'அம்மா, மூணாவது ஊசியைப் பாரு' என்று நாலே வார்த்தை. நீ சொன்னது, "பரவாயில்லம்மா. வயசாகுதில்ல. எல்லாத்துக்கும் ஒரு டைம் இருக்கு."

நெயில் பாலிஷுக்காக நான் இவ்வளவு கத்த மாட்டேன். அது ஏணிக்குப் பயந்து செய்தது, ஒரு நிமிஷக் கிறுக்கு. ஆனால் அந்தச் சித்திரை ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம், உன் கையை நம்பாதே என்று சொன்னாய். கை நன்றாக இருக்கிறது என்று உலகத்திலேயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும், தெரிந்துகொண்டே சொன்னாய். மறுநாளே கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பின் படங்கள் வந்தன. மலை தெரிகிற ஜன்னல், வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் ஓடிவர நர்ஸ். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வேன்? தன் கையால் வைத்த நூற்று நாற்பது சால்டரில் எது பொய் என்று தெரியாதவள், கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்புகிறவள், தனியாக இருக்கக் கூடாதுதானே. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நீ "லவ் யூ மா" என்று பதில் அனுப்பினாய். கிளப்பில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் என்னைப் பற்றிக் கவிதைகூடப் படித்தார்.

முந்தாநாள் கபீர் பாய் வழக்கம்போல நலம் விசாரிக்க வந்தார். நான் அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். மேஜையில் கிட் பிரித்தபடியே கிடந்தது. அவர் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எல்லாம் பாத்தாச்சு பாய், நான் வச்சதுல ஒண்ணு விடாம மூணு ரவுண்டு பாத்துட்டேன்" என்றேன். அவர், "அதான்கா. அஞ்சு மாசமா நீ வெச்சதையே பாத்துகினு கீற. நீ வெக்காதது எதனா கீதானு பாத்தியா?" என்றார். சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று காலை வெயில் நேராக விழுகிற நேரத்தில் போர்டைப் பால்கனிக்கு எடுத்துப் போனேன். கட்டாயப்படுத்தி ஆபரேஷன் செய்துகொண்ட அதே வலது கண்ணில் லென்ஸை வைத்து, நான் எதை வைக்கவில்லை என்று பார்த்தேன். ஆறு ஊசிகளும் பளபளத்தன. ஆனால் மூன்றாவது ஊசியின் பளபளப்பு ஈரம் மாதிரி இருந்தது. துடைத்தால் போகவில்லை. சால்டரிங் கம்பியைச் சூடாக்கி மெல்லத் தொட்டேன். ஒரு நூலளவு புகை வந்தது. அந்தப் புகையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நெயில் பாலிஷ். நிறமில்லாத நெயில் பாலிஷ், என் கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்கிற குப்பி. சுருளின் திருகு அசையாமலிருக்க நாங்கள் ஒரு துளி வைப்பது. இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டிருக்கிறாய். மீட்டரின் கூர்முனை குத்திக்கொண்டு உள்ளே போய்விடும், 'பீப்' என்னும். சாக்கெட்டின் மொண்ணைத் தகடு மேலேயே நின்றுவிடும். ஊசியைச் சுரண்டிச் செருகிக் கட்டையை அழுத்தினேன். பல்பு எரிந்தது. பொங்கலுக்கு எரிந்த அதே வெளிச்சம்.

முதலில் உனக்குப் போன் செய்து காது கிழியத் திட்டுவதாகத்தான் இருந்தேன். செய்யவில்லை. ஏன் என்றால் அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. இனி எழுதப்போவதைப் படித்த பிறகு கிளப்பில் சிலர் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் நீயே ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டினாய். என் உதவி இல்லாமல் கட்டினாய். சாயங்காலமானால் டப்பாவும் கையுமாக உட்கார்ந்துவிடுவாய். இலங்கை பேசிற்று, கொச்சி பேசிற்று, கெமிஸ்ட்ரி புத்தகம் மட்டும் பேசவில்லை. அரையாண்டில் கெமிஸ்ட்ரி மார்க்கைப் பார்த்த அன்றைக்கு நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது நான் டப்பாவைத் திறந்தேன். அதன் உயிர் அந்தக் கிரிஸ்டல், நகத்தளவு உலோகக் கூடு, இரண்டே இரண்டு கால். அந்தக் கால்களில் நெயில் பாலிஷ் பூசிக் காயவைத்துத் திரும்பச் செருகினேன். இரண்டு கோட்.

மூன்று மாதம் தேடினாய். பொழுது விடிந்ததும் அதைத்தான் பிரிப்பாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடுகிறமாதிரி தேடினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ஒரு நாள் நீ, "எங்கம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். நான் கூசாமல், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் கைக்கு இது வரல போலிருக்கு, விடுடா" என்றேன். நீ டப்பாவை மூடினாய். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வந்தது, கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் வந்தது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ சால்டரிங் கம்பியைக் கையால் தொடவில்லை. வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறாய் என்று உன் மனைவி சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். பரீட்சை முடிந்ததும் பாலிஷைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று அந்தப் புகை வந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. கெடுப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, ஒரு ஒயரைப் பிடுங்கினால் போதும். என் பிள்ளைக்கு இந்த வழி எப்படித் தெரிந்தது? வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து அந்த டப்பாவை இறக்கச் சொன்னேன். நான் ஏறவில்லை, குறித்துக்கொள். மூடி இறுகிக் கிடந்தது, கத்தியால் நெம்பித் திறந்தேன். கிரிஸ்டல் அதன் இடத்திலேயே இருந்தது. பிடுங்கி லென்ஸில் பார்த்தேன். இரண்டு காலும் சுத்தமாக இருந்தன. பிளேடால் சுரண்டிய கோடுகள், மேலிருந்து கீழாக, பொறுமையாக, ஒரு இடம் விடாமல். நான் சுரண்டவில்லை. உன் அப்பாவுக்குக் கிரிஸ்டல் எது, கற்கண்டு எது என்றே தெரியாது.

ஆக, அப்போதே கண்டுபிடித்துவிட்டாய். யார் செய்தது என்றும் தெரிந்திருக்கும், அந்தக் குப்பி வேறு யாரிடம் இருந்தது? கண்டுபிடித்துச் சரிசெய்து, திரும்ப மூடிப் பரணில் போட்டுவிட்டு, என்னிடம் வந்து தட்டை நீட்டிச் சோறு கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டா கேட்கவில்லை? கத்தியிருக்க வேண்டாமா? இந்தக் கோபத்தில்தான் நேற்று பூராவும் சாப்பிடாமல் இருந்தேன். நீ எனக்குச் செய்ததற்கா, நான் உனக்குச் செய்ததற்கா, நீ வாய் திறக்காமல் இருந்ததற்கா என்று பிரிக்கத் தெரியவில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று காதை வைத்தே சொல்கிறவளுக்கு இது தெரியவில்லை. பழிக்குப் பழி என்று நினைத்துச் செய்தாயா, அல்லது ஒருத்தரை ஆபத்திலிருந்து காப்பாற்ற இதுதான் வழி என்று என்னிடமிருந்தே கற்றுக்கொண்டாயா? இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அதுதான் இன்னும் மோசம்.

இனி நடக்கப்போவதைக் கேள். கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்று. கட்டிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்தாயிற்று. தொட்டி ஏணியில் நான் ஏறப்போவதில்லை. வெள்ளிக்கிழமை கபீர் பாயும் வாட்ச்மேனும் ஏறிக் கம்பியைக் கட்டுவார்கள், நான் கீழே நின்று அதிகாரம் செய்வேன். உன் பயத்துக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான். என்றைக்காவது எனக்கு நிஜமாகவே கை மறந்துபோகும், அது எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு நிஜத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ என்று நினைத்திருந்தேன். இனிமேல் நீ "வயசாகுதில்ல" என்றால் நான் எப்படி நம்புவது? அதை யோசி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஆஜர் எடுப்பது நான்தான். உனக்கு அப்போது சனிக்கிழமை இரவு பத்து மணி. இன்டர்நெட் வழியாக இந்தப் பக்கத்து அலைவரிசையைக் கேட்க வழி இருக்கிறது, தேடினால் கிடைக்கும், கேள். முதலில் உன் கால் சைனைத்தான் கூப்பிடுவேன். பள்ளிக்கூட நாளில் வாங்கிய உன் லைசென்ஸை நீ மறந்திருப்பாய், நான் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன். உன்னால் பதில் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தாலும் பத்து விநாடி காத்திருப்பேன்.

டிபன் டப்பாவை இன்று காலை கூரியரில் உன் பேருக்கு அனுப்பிவிட்டேன். கிரிஸ்டலைத் திரும்ப அதன் இடத்திலேயே செருகியிருக்கிறேன். பல்பு வைத்துச் சோதித்துப் பார்த்தேன், எரிகிறது. இருபத்திரண்டு வருடமாக நீ சரிசெய்த டப்பா பரணில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு உன் கைக்கு இது வரவில்லை என்று சொன்னேன், அது பொய். முப்பத்தோரு வருட அனுபவத்தோடு எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, அதுவும் கபீர் பாய் வந்து சொன்ன பிறகு. நீ பதினேழு வயதில், உன் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து குழப்பிக்கொண்டிருந்தபோது, தனியாகக் கண்டுபிடித்திருக்கிறாய். சாரி எல்லாம் எழுதாதே. எத்தனை நாளில் கண்டுபிடித்தாய் என்று மட்டும் எழுது.

அம்மா